எடை கூடுகிறதே என்று மகிழ்ந்துவிட வேண்டாம்: சர்க்கரை அடங்காத பூனைகளைப் பற்றி ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வீட்டுப் பூனைகளுக்கு வரும் சர்க்கரை நோயைப் பற்றி வெளியான கட்டுரையை ஒரு வரி விடாமல் படித்தேன். பூனைக்கும் சர்க்கரை வரும், அதற்கும் காலையும் மாலையும் இன்சுலின் போட வேண்டியிருக்கும் என்பதைப் பொதுமக்கள் அறியும்படி எழுதியதற்கு முதலில் நன்றி. இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அதிலிருந்த ஒரே ஒரு வரிதான். இன்சுலின் தொடங்கிய பிறகு பூனையின் எடை கூடினால் நோய் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்கிறது அந்த வரி. பெரும்பாலான பூனைகளுக்கு அது பொருந்தும். எங்கள் வீட்டுப் பூனைக்குப் பொருந்தவில்லை. அதை நம்பி நாங்கள் ஐந்து மாதங்களைத் தொலைத்தோம்.

நான் மருத்துவன் அல்லன். நில அளவைத் துறையில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆகவே மருத்துவம் சொல்ல வரவில்லை. நாங்கள் அளந்ததையும் எழுதி வைத்ததையும், எங்களுக்கு மருத்துவர் விளக்கியதையும், அதன்பின் நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

எங்கள் செவலை 11 வயதுக் கடுவன். சிறு வயதிலேயே கருத்தடை செய்யப்பட்டவன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த நாட்களில், கிண்ணத்துத் தண்ணீர் போதாமல் குளியலறை வாளியின் விளிம்பில் முன்னங்கால்களை ஊன்றி நின்று குடிக்கத் தொடங்கினான். மணல் தட்டை நாளுக்கு நான்கு முறை மாற்ற வேண்டியிருந்தது. மருத்துவமனையில் பார்த்தபோது ரத்தச் சர்க்கரை 412 மில்லிகிராம்; சிறுநீரிலும் சர்க்கரை இருந்தது. 5.8 கிலோ இருந்த எடை 5.1 ஆகியிருந்தது. கிளார்ஜின் வகை இன்சுலினைக் காலையில் 1 யூனிட், இரவில் 1 யூனிட் என்று தொடங்கினார்கள். பூனைக்குத் தொடக்க அளவாக வழக்கமாகக் கொடுப்பது அதுதான். அதில் எந்தத் தவறும் இல்லை.

அடுத்த சில வாரங்களில் எடை ஏறத் தொடங்கியது. 5.6, பிறகு 6.3, பிறகு 6.9. தெருவில் பார்த்தவர்கள் எல்லாரும், “செவலை நல்லாத் தேறிட்டானே!” என்றார்கள். எங்களுக்கும் மனம் நிறைந்தது. சர்க்கரை மட்டும் 350-க்கும் 450-க்கும் இடையிலேயே நின்றது, தாகமும் குறையவில்லை. 1 யூனிட் 2 ஆகி, 2 யூனிட் 4 ஆயிற்று. பசியோ அடங்காப் பசி. இட்லி மாவுப் பாத்திரத்தின் மூடியைத் தள்ளிவிட்டு மாவை நக்குவான். குப்பைக் கூடையைக் கவிழ்ப்பான். சாப்பிட்டு எழுந்த கையை மோந்து பார்த்துக்கொண்டே பின்னால் வருவான். சோதனைக்குப் போகும்போதெல்லாம், “ஊசியைச் சரியாகத்தான் போடுகிறீர்களா? மருந்தைக் குளிர்பெட்டியில் வைக்கிறீர்களா? யாராவது ஒளித்துத் தீனி போடுகிறார்களா?” என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் ஐந்து மாதமும் அதே கேள்விகளையே கேட்டுக்கொண்டிருந்ததால், தன் கைதான் ஆகாத கை என்று என் மனைவி நம்பத் தொடங்கிவிட்டாள். தோலைக் கிள்ளித் தூக்கி ஊசியைச் செருகும் அந்த நொடியில் அவள் விரல்கள் நடுங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

உண்மை வெளிப்பட்டது ஒரு பிழையின் வழியாக. வழக்கமான மருந்துக் கடையில் ஊசி தீர்ந்துபோன ஒரு நாள் வேறொரு கடையில் வாங்கினோம். நம் நாட்டில் இன்சுலின் இரண்டு செறிவுகளில் கிடைக்கிறது. குப்பியில் வரும் சாதாரண மனித இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லி லிட்டருக்கு 40 யூனிட் உள்ளது. அதற்கான ஊசியின் மூடி சிவப்பு. கிளார்ஜின் ஒரு மில்லி லிட்டருக்கு 100 யூனிட் உள்ளது. அதற்கான ஊசியின் மூடி ஆரஞ்சு. எங்களுக்குத் தரப்பட்டது சிவப்பு மூடி. ‘இன்சுலின் ஊசி’ என்று கேட்டோம், இன்சுலின் ஊசி கொடுத்தார்கள். சிவப்பு மூடி ஊசியில் 4 என்ற கோடு வரை இழுத்தால் 0.1 மில்லி லிட்டர் வரும். 100 யூனிட் செறிவுள்ள மருந்தில் அந்த 0.1 மில்லி லிட்டருக்குள் இருப்பது 10 யூனிட். மூன்று நாட்களில் ஆறு முறை, எங்களை அறியாமலேயே இரண்டரை மடங்கு மருந்தைச் செலுத்தியிருக்கிறோம். சங்கிலியால் அளந்த வயலை மீட்டர் கணக்கில் பதிந்தால் என்ன ஆகும் என்பதை வாழ்நாளெல்லாம் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த நான், என் வீட்டு ஊசியின் அளவுகோலைப் பார்க்கத் தவறினேன். நான்காம் நாள் காலையில் மூடியின் நிறம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்தது என் மகள்.

பதறியடித்துக்கொண்டு, முன்பே நண்பர் ஒருவர் சொல்லியிருந்த சென்னை மருத்துவர் ஒருவரிடம் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சாதாரணச் சர்க்கரை நோயுள்ள ஒரு பூனைக்கு இது நேர்ந்திருந்தால் வலிப்பு கண்டு இறந்திருக்கக்கூடும். செவலையோ கூடைக்குள் உட்கார்ந்து மீன் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தான். அந்த மூன்று நாட்களில் நாங்கள் வீட்டில் குத்திப் பார்த்துக் குறித்த சர்க்கரை அளவுகளில் மிகக் குறைந்ததே 318 என்பதை என் குறிப்பேட்டில் கண்ட மருத்துவர், கணக்கை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு செவலையின் மேலுதட்டை விரலால் உயர்த்திப் பார்த்தார். கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி முன்னே வந்திருந்தது, பற்களுக்கு நடுவே முன்பு இல்லாத சந்துகள், பாதங்கள் அகன்றிருந்தன, முகம் பெரிய கடுவன்களுக்கே உரிய அகலத்தையும் மிஞ்சியிருந்தது. “இரவில் குறட்டை விடுகிறானா?” என்று கேட்டார். விடுகிறான், கொழுத்துவிட்டதால் என்று நினைத்திருந்தோம். பழைய படம் ஏதேனும் உண்டா என்றார். மகளின் கைப்பேசியில் நான்கு வயதில் எடுத்த படம் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, தினம் பார்த்ததாலேயே நாங்கள் பார்க்காமல் விட்டது என்னவென்று புரிந்தது.

அந்த நோயின் பெயர் அக்ரோமெகலி. மனிதர்களில் இதை விவரித்துப் பெயரிட்டவர் பியேர் மரி என்ற பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர், ஆண்டு 1886. கைகால் நுனிகள் பெருத்தல் என்பது அச்சொல்லின் பொருள். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில், பெரும்பாலும் புற்றல்லாத ஒரு சிறு கட்டி வளர்ந்து, வளர்ச்சி ஹார்மோனை ஓயாமல் சுரக்கிறது. அந்த ஹார்மோனின் தூண்டுதலால் கல்லீரல் ஐஜிஎஃப்-1 என்ற பொருளை மிகுதியாக உண்டாக்குகிறது. தாடை, பாதம், ஈரல், சிறுநீரகம், இதயத் தசை எல்லாம் பெருக்கின்றன. எடை கூடுவது அதனால்தான். அதே வளர்ச்சி ஹார்மோன், இன்சுலின் உயிரணுவின் வாசலைத் தொட்ட பிறகும் உள்ளே அதன் ஆணை நிறைவேறாதபடி தடுக்கிறது. அதனால் மருந்து உள்ளே போகிறது, வேலை நடப்பதில்லை. சர்க்கரை அடங்காத பூனை மெலிய வேண்டும் என்பதே இயற்கை. அடங்காமலே பெருக்கிறது என்றால் அந்த முரணே நோயின் அடையாளம். எல்லாப் பூனைகளுக்கும் முகம் மாறுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சில பூனைகளில் இன்சுலினுக்கு அடங்காத சர்க்கரை ஒன்றே வெளியில் தெரியும் அறிகுறி.

இது அரிதிலும் அரிது என்று நானும் நினைத்தேன். பிரிட்டனின் அரச கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், அந்நாட்டு மருத்துவர்கள் அனுப்பிய 1,221 சர்க்கரை நோய்ப் பூனைகளின் ரத்த மாதிரிகளைச் சோதித்து 2015-இல் வெளியிட்ட முடிவின்படி, ஏறத்தாழ நான்கில் ஒரு பூனைக்கு இந்த நோய் இருக்கலாம். சுவிட்சர்லாந்திலும் நெதர்லாந்திலும் நடந்த ஆய்வில் ஏறத்தாழ 18 விழுக்காடு. பிரிட்டன் ஆய்வில் என்னை உலுக்கியது வேறொரு எண். ஐஜிஎஃப்-1 உயர்ந்திருந்த பூனைகளை நேரில் பார்த்து வந்த மருத்துவர்களில், இந்த நோயாக இருக்குமோ என்று முன்கூட்டியே வலுவாக ஐயுற்றவர்கள் 24 விழுக்காட்டினர் மட்டுமே. ஆகவே எங்கள் ஊர் மருத்துவமனை தவறவிட்டதை நான் பெருங்குற்றமாகச் சொல்லவில்லை. நோயைத் தேடாதவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை. பூனையைக் கொண்டுவந்தவரைக் குற்றவாளியாக்கியதுதான் எனக்கு வலித்தது.

சோதனை ஒரே ஒரு ரத்தக் குழாயில் முடிந்துவிடுகிறது. ஐஜிஎஃப்-1 அளவு மில்லி லிட்டருக்கு 1,000 நானோகிராமுக்கு மேல் இருந்தால், சர்க்கரை நோயுள்ள பூனையில் அது ஏறக்குறைய உறுதி. பிறகு ஸ்கேன் எடுத்துச் சுரப்பியைப் பார்க்கிறார்கள். செவலைக்கு 1,000-ஐத் தாண்டியிருந்தது; ஸ்கேனில் சுரப்பி வீங்கியிருந்ததும் தெரிந்தது. இதில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. கல்லீரல் இந்தப் பொருளை உண்டாக்க அதற்கு இன்சுலின் எட்ட வேண்டும். ஆகவே நோய் கண்ட முதல் நாளிலேயே சோதித்தால் அளவு பொய்யாகக் குறைந்து காட்டலாம். இன்சுலின் தொடங்கி ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பார்ப்பதே நம்பத்தக்கது. மற்றொன்று, மனிதர்களுக்கான ஆய்வகத் தாளில் அச்சிட்டிருக்கும் இயல்பு வரம்பு பூனைக்குப் பொருந்தாது. அதைப் பார்த்து வீணாகப் பயப்படவும் கூடாது, வீணாக அமைதி அடையவும் கூடாது.

நோய் தெரிந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. சர்க்கரை நோய்ப் பூனைக்கு ஒரு வேளைக்கு 1 முதல் 3 யூனிட் என்பது நாம் கேட்டுப் பழகிய அளவு. அக்ரோமெகலி உள்ள பூனைக்கு 10, 15, 20 என்று போக வேண்டியிருக்கலாம். அதற்கும் மேலே போன பூனைகளும் உண்டு. அந்த எண்களைக் கேட்டு நானும் மிரண்டேன். மருத்துவர் சொன்னது இதுதான்: “எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள், பூனையைப் பாருங்கள், அளவீட்டைப் பாருங்கள்.” ஒரே தாவலில் உயர்த்தக் கூடாது. ஒவ்வொரு முறையும் அரை அல்லது ஒரு யூனிட் கூட்டி, சில நாள் பொறுத்து, 12 மணி நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை குத்தி, சர்க்கரையின் ஏற்ற இறக்கத்தை வளைகோடாக வரைந்து பார்த்து, பிறகே அடுத்த படி. 4 யூனிட்டிலிருந்து 13 யூனிட் வரை ஏற எங்களுக்கு நான்கு மாதங்கள் ஆயின. என் பழைய தொழிலின் வரைதாள்கள் அதற்குப் பயன்பட்டன.

குத்துவது காது மடலின் ஓரத்தில். ஓரத்தை ஒட்டி ஓடும் மெல்லிய ரத்தக் குழாய் விளக்கொளியில் தெரியும். முதலில் காதை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்ற வேண்டும். மறுபுறம் மடித்த பஞ்சை வைத்துக்கொண்டு குத்தினால் நம் விரலில் ஏறாது. கடுகு அளவு ரத்தம் போதும். முதல் வாரம் செவலை சீறினான். குத்தியதும் வேகவைத்த கோழித் துணுக்கு ஒன்று கொடுக்கத் தொடங்கிய பிறகு, சர்க்கரை அளவி இருக்கும் பையின் ஜிப்புச் சத்தம் கேட்டாலே மடியில் வந்து அமர்கிறான். மனிதர்களுக்கான அளவிகள் பூனை ரத்தத்தில் பொதுவாகச் சற்றுக் குறைத்தே காட்டும். பூனைக்கென்று வரும் அளவி கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் எப்போதும் ஒரே அளவியையே பயன்படுத்தி, மருத்துவமனை ஆய்வக அளவோடு ஒப்பிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். மனிதர்கள் தோலில் ஒட்டிக்கொள்ளும் 14 நாள் சென்சாரையும் பூனைக்குப் பொருத்துகிறார்கள். மயிரை மழித்து ஒட்டினார்கள். செவலைக்கு ஒன்பதாம் நாளே பிய்ந்துவிட்டது. ஆனால் அந்த ஒன்பது நாள் காட்டிய இரவு நேர இறக்கங்களை எந்தக் காது ஊசியும் எங்களுக்குக் காட்டியதில்லை. மருத்துவமனையில் எடுக்கும் ஒற்றை அளவை மட்டும் நம்புவது சரியல்ல. ஆட்டோவில் கத்திக்கொண்டு போய், நாய்களுக்கு நடுவே காத்திருந்த பூனையின் சர்க்கரை, பதற்றத்தாலேயே ஏறிவிடும். நோயே இல்லாத பூனைக்கும் அப்படி ஏறுவதுண்டு.

இலக்கு என்ன என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள் என்று நினைக்கிறேன். நோயற்ற பூனையின் அளவுக்கு இவனைக் கொண்டுவர வேண்டும் என்று துரத்தக் கூடாது. வளர்ச்சி ஹார்மோன் ஒரே சீராகச் சுரப்பதில்லை, ஏறும், இறங்கும். 13 யூனிட்டையும் விழுங்கி அசையாமல் நின்ற சர்க்கரை, ஹார்மோன் தணியும் ஒரு வாரத்தில் திடீரெனச் சரியும். அப்போது முந்தைய வாரம் போதாதிருந்த மருந்தே நஞ்சாகிவிடும். நாளின் பெரும்பகுதி 250-க்குக் கீழே, எந்த நேரத்திலும் 80-க்குக் கீழே போகாமல், தாகமும் சிறுநீரும் அடங்கி, பூனை தன் வழக்கமான இடங்களில் ஏறி உட்கார்ந்தால் போதும் என்று எங்களுக்கு வகுத்துக் கொடுத்தார்கள். தினமும் கிண்ணத்தில் ஊற்றும் தண்ணீரை அளந்து, மீதியைக் கழித்துக் குறித்து வைப்பது செலவில்லாத சோதனை. சர்க்கரை அளவுகளை நம்ப முடியாத நாட்களிலும் தண்ணீர்க் கணக்கு எனக்கு வழி காட்டியிருக்கிறது.

அந்தச் சரிவை ஒரு முறை நேரில் கண்டோம். மாசி மாதத்தில் ஓர் இரவு, ஊசி போட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் செவலை தின்றதையெல்லாம் கக்கிவிட்டான். வழக்கமான வாந்தி என்று துடைத்துவிட்டுப் படுத்தோம். இரண்டரை மணிக்கு அடுப்படியில் ஏதோ உருளும் சத்தம். ஆட்டுக்கல்லின் அருகே சாய்ந்து கிடந்தான். எழ முயன்றால் பின்னங்கால்கள் மடங்கின. கூப்பிட்டால் தலை வேறு பக்கம் திரும்பியது. குத்திப் பார்த்தால் 41. தேனை விரலில் தோய்த்து ஈறுகளில் தடவினோம். வாயில் ஊற்றக் கூடாது. விழுங்கும் நிலையில் இல்லாத பூனைக்கு மூச்சுக்குழலில் இறங்கிவிடும். 15 நிமிடத்தில் 68 ஆயிற்று. தலையை நிமிர்த்தியதும் ஈர உணவு கொடுத்து, விடியும் வரை அரை மணிக்கு ஒரு முறை குத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். காலை ஊசியைப் போடாமல் மருத்துவரை அழைத்தோம். அவர் அளவைப் பாதியாக்கி மீண்டும் படிப்படியாக ஏற்றினார். அன்று முதல் வீட்டில் இரண்டு விதிகள். ஊசிக்கு முன் அளக்காமல் போடுவதில்லை. சாப்பிடாவிட்டாலோ, கக்கிவிட்டாலோ, முன்னளவு வழக்கத்துக்கு மாறாகக் குறைந்திருந்தாலோ, முழு அளவைப் போடாமல் முதலில் தொலைபேசியை எடுக்கிறோம். ஒரு வேளை மருந்து தவறியதால் ஏறும் சர்க்கரையை மாலையில் சமாளித்துவிடலாம். 41-க்கு இறங்கிய பூனை விடியும் வரை பிழைத்திருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வீடுகளில் பூனை என்றால் பாலும் தயிர்சோறும். செவலையும் நெத்திலிக் குழம்பு பிசைந்த சோற்றில் வளர்ந்தவன்தான். பூனை ஊனுண்ணி, சோற்றின் மாவுச்சத்து அதன் சர்க்கரையைத்தான் ஏற்றும். சோறு, பால், பிஸ்கட்டை நிறுத்திவிட்டு, மாவுச்சத்துக் குறைந்த ஈர உணவுக்கு மாற்றினோம். வெறும் கோழியையோ மீனையோ மட்டும் நாள்தோறும் போடுவதும் சரியல்ல, பூனைக்கு இன்றியமையாத டாரின் என்ற சத்தும் சுண்ணாம்புச் சத்து போன்றவையும் குறைந்துவிடும். மாற்றத்தையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே செய்ய வேண்டும். உணவில் மாவுச்சத்துக் குறைந்தால் இன்சுலின் தேவையும் குறையும்.

இன்னொரு எச்சரிக்கை, இதை எங்கள் வீட்டிலேயே ஒருவர் யோசித்தார் என்பதால் எழுதுகிறேன். மனிதர்கள் சாப்பிடும், சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகள் இப்போது பல வீடுகளில் உள்ளன. அதே வகையைச் சேர்ந்த, பூனைக்கான மாத்திரைக்கு அமெரிக்காவில் 2022 டிசம்பரில் முதல் ஒப்புதல் கிடைத்தது உண்மை. ஆனால் அது அதற்கு முன் இன்சுலின் எடுத்திராத பூனைகளுக்கானது. ஏற்கெனவே இன்சுலினில் இருக்கும் பூனைக்கு, சர்க்கரை அளவு நன்றாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்து வரலாம். தாத்தாவின் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடும் வேலை கூடவே கூடாது.

கட்டியையே குறிவைக்கும் வழிகளும் உண்டு. லண்டனை அடுத்துள்ள அந்த அரச கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில், பூனையின் வாய் வழியே அண்ணத்தைத் திறந்து பிட்யூட்டரிச் சுரப்பியை எடுத்துவிடுகிறார்கள். 68 பூனைகளுக்குச் செய்ததில் 58 பூனைகள் நான்கு வாரங்களைக் கடந்தன. அவற்றுள் 41 பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படவில்லை. நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்திலும் இது நடக்கிறது. சுரப்பி போனபின் கார்ட்டிசால், தைராய்டு மருந்துகளை வாழ்நாள் முழுதும் தர வேண்டும். குறி தவறாத கதிர்வீச்சு இன்னொரு வழி. பெரும்பாலான பூனைகளுக்கு இன்சுலின் தேவையைக் குறைக்கிறது, மூன்றில் ஒன்றளவுக்கு அறவே நிறுத்தவும் முடிந்திருக்கிறது. வளர்ச்சி ஹார்மோனை அடக்க மாதம் ஒருமுறை போடும் பாசிரியோடைடு ஊசி மனிதர்களுக்குச் சர்க்கரையை ஏற்றும். விந்தையாகப் பூனைகளில் இன்சுலின் தேவையைக் குறைக்கிறது. விலைதான் எட்டாதது. அதே நோக்கத்துக்கான கேபர்கோலின் மாத்திரை மலிவு. ஓர் ஆய்வில் பயன் தெரிந்தது, மற்றொன்றில் தெரியவில்லை. செவலைக்கு மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தோம். தண்ணீர்க் கணக்கில் மாற்றம் இல்லாததால் நிறுத்தினார்கள். எந்த வழியாக இருந்தாலும் சிகிச்சை பலிக்கத் தொடங்கியதும் இன்சுலின் தேவை வேகமாகச் சரியும். ஆகவே அந்த நாட்களில்தான் அளவியைக் கீழே வைக்கக் கூடாது.

எங்களுக்குக் கடல் கடந்து போக வசதி இல்லை; இன்சுலினோடும் குறிப்பேட்டோடும் இருக்கிறோம். இதயம் பெருக்கும் நோய் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை எக்கோ பார்க்கிறார்கள். தூங்கும்போது அவன் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மூச்சு விடுகிறான் என்று மனைவி எண்ணிக் குறிக்கிறாள். 30-ஐத் தாண்டினால் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். இன்று காலை 22. ஊசிக்கு முன் சர்க்கரை 236. போட்டது 11 யூனிட். இப்போது ஊசி போடும்போது அவள் விரல்கள் நடுங்குவதில்லை.

தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. அந்தக் கட்டுரையின் தொடர்ச்சியாகச் சிறு திருத்தக் குறிப்பு ஒன்றை வெளியிடுங்கள். சர்க்கரை அடங்கி எடை கூடினால் நல்லது. அடங்காமலே எடை கூடினால், அல்லது மருந்தளவு உயர்ந்துகொண்டே போயும் தாகம் குறையாவிட்டால், ஐஜிஎஃப்-1 சோதனையைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம் என்று அந்தக் குறிப்பு சொல்லட்டும். மற்றது, தங்கள் நாளிதழைப் படிக்கும் கால்நடை மருத்துவர்களுக்கும் மருந்துக் கடைக்காரர்களுக்கும். இன்சுலினுக்குச் சீட்டு எழுதும்போது மருந்தின் பெயரோடு நிறுத்தாமல், ‘100 யூனிட் செறிவு, ஆரஞ்சு மூடி ஊசி’ அல்லது ‘40 யூனிட் செறிவு, சிவப்பு மூடி ஊசி’ என்று தமிழிலேயே ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். ஊசியை எடுத்துக் கொடுக்கும்போது குப்பியில் உள்ள எண்ணையும் ஒரு முறை கேளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.